படகு புல் தின்ற வாரம்

இப்போது அவருக்குப் பள்ளியில் வழங்கும் பெயர் 'ஒரு பக்க டீச்சர்'. மற்ற வகுப்புகள் பாடப் புத்தகத்தை ஒருமுறை முடித்து, இரண்டாம் முறையும் புரட்டி, அட்டையைப் பிய்க்கிற நேரத்தில், இவருடைய இரண்டாம் வகுப்பு இன்னும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பாதிப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் முட்டி போட்டுக்கொண்டு, கதையில் வரும் காகம் வேண்டுமென்றே பொய் சொன்னதா, பயத்தில் உளறியதா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். டீச்சர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றபடி, "சரி, பயம்னே வச்சுக்குவோம். பயந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? எந்த இடத்துல? காட்டு" என்று எரிகிற அடுப்பைத் தூண்டிவிட்டுக்கொண்டிருப்பார். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

இதே டீச்சருக்கு ஒரு காலத்தில் 'நூத்துக்கு நூறு' என்று பெயர். அந்தப் பெயர் போய் இந்தப் பெயர் வந்ததில் அவருக்கு வருத்தமே கிடையாது. யாராவது கேட்டால், இரண்டு பேருக்கு நன்றி சொல்வார். ஒன்று, ஏழு வயதுப் பெண் ஒருத்தி. இன்னொன்று, அலுவலக அறையில் இருக்கும் ஸ்டேப்ளர். சிரிக்க வேண்டாம், விஷயம் அப்படித்தான்.

அவர் டீச்சராகவே பிறந்தவர் இல்லை. ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பையன் பிறந்த பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் வேலை வேண்டும் என்று தேடியபோது, இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளியில் ஆள் தேவைப்பட்டது. அதற்கான படிப்பைத் தபாலில் படித்து முடித்து, தயங்கித் தயங்கித்தான் வகுப்புக்குள் நுழைந்தார். முதல் வருஷம் பிள்ளைகள் தலைமேல் ஏறி ஆடினார்கள். வருஷக் கடைசித் தேர்வில் 'பத்தியைப் படித்து விடை எழுது' என்ற பகுதியில் பாதி வகுப்பு முட்டை வாங்கியது. தலைமை ஆசிரியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த விடைத்தாள்களை எடுத்து டீச்சரின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் ஒரு நாளில் மறந்திருக்கும். இது உறைத்துவிட்டது.

வேலை என்று வந்துவிட்டால் டீச்சர் பிசாசு. அடுத்த வருஷமே ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்வியில் இருக்கிற பெரிய வார்த்தையைப் பிடி. அதே வார்த்தை பத்தியில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடு. கண்டதும் சிவப்புப் பென்சிலால் கோடு போடு. கேள்வியில் இருக்கிற பெயரை முதலில் எழுதி, கோடு போட்ட வரியின் மீதியை அப்படியே கீழே இறக்கு. முடிந்தது. பிள்ளைகளுக்குக் கண்ணாமூச்சி ஆடுகிற குஷி. பத்தியைக் கொடுத்து ஐந்து நிமிஷத்தில் வகுப்பே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்கும். மார்க் கொட்டியது. தலைமை ஆசிரியை வாயிற்கதவில் ஒரு பலகை மாட்டி, எந்த வகுப்பு எத்தனை விழுக்காடு என்று எழுதி வைத்தார். இரண்டாம் வகுப்புக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பெற்றோர் தங்கள் பிள்ளையை இவர் வகுப்பிலேயே போடச் சொல்லிக் கெஞ்சினார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்?

பயிற்சிக்கான பத்திகளையும் அவரே எழுதினார். கைக்கு வந்த ஒரு அச்சு இருந்தது. ஏதோ ஒன்று தினமும் காலையில் எங்கேயோ போகும். அங்கே ஏதோ செய்யும். ஒரு நாள் மழை வரும். எங்கேயாவது ஒதுங்கும். மழை நின்றதும் திரும்பும். ஒரு வாரம் அது ஆட்டுக்குட்டி, மறு வாரம் வாத்து, அதற்கடுத்த வாரம் படகு. எலும்பு ஒன்றுதான், தோலை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். ஐந்தாம் வகுப்பில் அவளுடைய அக்கா படித்ததால், பள்ளியில் எல்லோரும் அக்காவைப் பெரியவள் என்றும் இவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டார்கள். பெரியவள் கெட்டிக்காரி. சின்னவளோ ஒரு வரியை வாசிக்க உயிரைக் கொடுப்பாள். எழுத்து எழுத்தாகக் கூட்டி, ஒரு வார்த்தை முடிந்ததும் மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்து, அதன் பிறகுதான் அடுத்ததற்கு நகர்வாள். வகுப்பு அவளுக்கு நத்தைக்குட்டி என்று பெயர் வைத்திருந்தது. மற்றவர்கள் கோடு போட்டு முடித்து ஊர்க்கதை பேசும்போது, சின்னவளின் சிவப்புப் பென்சில் கூர் மழுங்காமல் கிடக்கும்.

"கோடு போடாம என்னடி பண்ணிட்டு இருக்க?"

"படிச்சிட்டு இருக்கேன் டீச்சர்."

"படிக்கிறதெல்லாம் வீட்டுல வச்சுக்கோ. இப்ப பதிலை எழுது."

வகுப்பறையில் ஒரு டீச்சர் பேசுகிற பேச்சா இது? ஆனால் பேசினார், அதுவும் ஒரு நாள் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் அவருக்கே காது சூடாகிறது.

வருஷம் முடியப் போகும் நேரத்தில், அதே வகுப்பில் திரும்ப உட்கார வேண்டியவர்கள் யார் என்று தலைமை ஆசிரியை கேட்டார். டீச்சர் சின்னவளின் பெயர் ஒன்றை மட்டும் கொடுத்தார். இரண்டாம் வகுப்பு வேண்டாம், ஒன்றாம் வகுப்பிலிருந்தே மறுபடி ஆரம்பிக்கட்டும் என்றும் பக்கத்தில் குறித்தார். சின்னவளின் அம்மா, ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். விஷயம் காதில் விழுந்ததும், வேலைச் சீருடையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், அவளுக்குப் புரியாம இல்ல. மெதுவா வருது, அவ்வளவுதான். ஒண்ணாவதுல கொண்டுபோய் உக்கார வச்சா இனிமே ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு ராத்திரியெல்லாம் அழுறா. சொன்னா செய்வா டீச்சர், பிடிவாதக்காரி."

"மேலே எடுத்த முடிவும்மா. என் கையில ஒண்ணும் இல்ல," என்றார் டீச்சர்.

சொல்லும்போது பார்வை தானாக வாசலைத் தாண்டிப் போனது. அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை வந்து சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின வாரம்தான் ஸ்டேப்ளர் தன் வேலையைக் காட்டியது. ஜெராக்ஸ் இயந்திரம் வழக்கம்போலத் தாளைத் தின்று துப்பிக்கொண்டிருந்தது. பத்திகள் ஒரு அடுக்கு, கேள்விகள் ஒரு அடுக்கு. டீச்சர், பாட்டு டீச்சரோடு மருமகள் கதை பேசிக்கொண்டே, கை போன போக்கில் இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துக்கொண்டு போனார். மேலே ஆட்டுக்குட்டியின் பத்தி. கீழே படகின் கேள்விகள். அப்படியே வகுப்பில் கொடுத்தார். பிள்ளைகள் வாங்கினார்கள், கோடு போட்டார்கள், எழுதினார்கள், கொடுத்தார்கள். ஒரு முணுமுணுப்பு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் திருத்த உட்கார்ந்தார். எதிரே அவருடைய கணவர் ஒரு மேஜை விசிறியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பரப்பியிருந்தார். மின்சாதனம் பழுது பார்க்கிற கடை அவருடையது. கடையில் முடியாததை வீட்டுக்கும் கொண்டுவருவார். டீச்சரின் கை இயந்திரம் மாதிரி ஓடியது. நான்கு விடைக்கும் நான்கு டிக், மேலே ஒரு நட்சத்திரம், அடுத்தது. நான்கு டிக், நட்சத்திரம், அடுத்தது. பாதிக் கட்டு தாண்டியபோது சின்னவளின் தாள் வந்தது. நான்கு கேள்விக்கும் கீழே வெறும் வெள்ளை. அடியில், கோணல்மாணலாக ஒரே ஒரு வரி.

'படகு இன்னும் வரல டீச்சர். எப்ப வரும்?'

"இது எப்ப உருப்படும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே டீச்சர் ஒரு பெரிய பூஜ்ஜியத்தைப் பாதி வட்டம் போட்டுவிட்டார். மீதிப் பாதியைப் போடவில்லை. மேலே இருந்த பத்தியைப் படித்தார். ஆட்டுக்குட்டி. மறுபடியும் படித்தார். ஆட்டுக்குட்டியேதான். பத்தி முழுக்கத் தேடினாலும் படகு கிடையாது. தூக்கிவாரிப் போட்டது. திருத்திய தாள்களை இழுத்து, முதல் தடவையாக அவற்றைப் படித்தார்.

'படகு தினமும் காலையில் எங்கே போனது?' 'படகு தினமும் காலையில் மேட்டுக்குப் போனது.'

'படகு அங்கே என்ன செய்தது?' 'படகு அங்கே புல் தின்றது.'

எல்லாத் தாளிலும் படகு புல் தின்றிருந்தது. மழை வந்ததும் பாறைக்கு அடியில் ஒளிந்திருந்தது. மழை நின்றதும் அம்மாவைத் தேடிக் கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருந்தது. அத்தனைக்கும் டீச்சர் கையால் டிக் போட்டு நட்சத்திரமும் குத்தியிருந்தார்.

"ஏங்க, படகு புல் தின்னுமா?"

கணவர் திருப்புளியோடு நிமிர்ந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் விசிறியின் சின்னத் திருகாணிகள் உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டன.

"நூத்துக்கு நூறு போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப தின்னும்."

அன்று சாயங்காலம் வரை டீச்சர் அவரோடு பேசவில்லை. அந்த மனுஷர் மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டார். அந்தத் தாள்களைப் பார்க்கிற தெம்பு தனக்கு இல்லை என்பதுதான் உண்மை.

திங்கட்கிழமை வகுப்பில் கேட்டார். "எல்லாரும் சொல்லுங்க, படகு புல் தின்னுமா?"

"தின்னாது டீச்சர்!" ஒரே குரல்.

"பின்ன ஏன் அப்படி எழுதினீங்க?"

வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கடைசியில் வகுப்புத் தலைவி எழுந்து, பாவம் டீச்சருக்குத் தெரியவில்லையே என்கிற குரலில் விளக்கினாள். "நெஜத்துல தின்னாது டீச்சர். பேப்பர்ல தின்னும்."

படிப்பது என்றால் என்ன என்று இந்தக் குழந்தைகளுக்கு வருஷம் முழுக்க டீச்சர் சொல்லிக் கொடுத்தது இதுதான். மனசிலே ஒரு ஆட்டுக்குட்டி துள்ளவில்லை, ஒரு சொட்டு மழை விழவில்லை. கோடு மட்டும் விழுந்திருக்கிறது. வகுப்பிலேயே ஒருத்திதான் கதைக்குள் போய் நின்று, படகைக் காணோமே என்று காத்திருந்திருக்கிறாள். அவளைத்தான் இவர் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பப் போகிறார்.

அன்றே தலைமை ஆசிரியையிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. செவ்வாய்க்கிழமை தலைவலி என்று தள்ளினார். புதன்கிழமை அலுவலகக் கதவு வரை போய், குடிநீர்ப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். சின்னவளைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தத் தாள்களைக் காட்டியாக வேண்டும். காட்டினால் வாயிற்கதவுப் பலகையில் இருக்கிற எண் வெறும் காற்று என்று தானே போய்ச் சொன்னதாகும். இத்தனை வருஷம் சேர்த்த பேர்.

"பேர் போயிடும்னு பயமா?" கணவர் வியாழக்கிழமை கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஆமாங்க. பயமாத்தான் இருக்கு."

"அந்தப் பொண்ணுக்கு என்ன போகும்?"

டீச்சர் தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்பே தலைமை ஆசிரியையின் மேஜையில் கட்டைப் பிரித்துவிட்டார். தலைமை ஆசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் சிவந்தது, வெளுத்தது.

"இது வெளியில தெரிஞ்சா என்ன ஆகும், தெரியுமா டீச்சர்?"

"தெரியும் மேடம்."

"இவளை இறக்கணும்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானே?"

"நான்தான். தப்பா எழுதிட்டேன். அவ பேரை எடுத்துடுங்க மேடம்."

"எப்படி எடுக்கிறது? ஒரு பக்கத்தை வாசிக்க ஒரு பீரியட் ஆகும் அந்தப் பொண்ணுக்கு. மூணாவதுல போய் என்ன பண்ணும்? அங்க யார் காத்துக்கிட்டு இருப்பாங்க?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. "ஒரு தடவை கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க மேடம், உங்க முன்னாடி," என்று மட்டும் டீச்சர் கேட்டுக்கொண்டார்.

சின்னவள் வந்தாள். வெளியே பெஞ்சில் அவள் அம்மா, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது. தலைமை ஆசிரியை அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கதைப் புத்தகத்தை உருவி, ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். சின்னவள் வரிக்கு அடியில் விரலை வைத்தாள்.

"ஒ...ரு...வர். ஒருவர். கு...டை. குடை. வா...ங்...க. வாங்க..."

ஒருவர் குடை வாங்கக் கடைக்குக் கிளம்புகிறார் என்று வருவதற்குள் மேஜையில் இருந்த டீ ஆறிவிட்டது. தலைமை ஆசிரியை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கே திக்குகிறாள், எத்தனை தடவை திக்குகிறாள் என்பதிலேயே டீச்சரின் மனசு கிடந்தது. கதையில், வழியில் அவரை மழை பிடித்துக்கொள்கிறது. அவர் வீட்டுக்கே திரும்பிவிடுகிறார். விரல் நகர்ந்தது, நின்றது, பின்னால் போனது, மறுபடி நகர்ந்தது. தலைமை ஆசிரியை பேனா மூடியைத் திறந்து மூடினார்.

திடீரென்று சின்னவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அடக்க முடியாத சிரிப்பு.

"என்ன சிரிப்பு இங்க?" தலைமை ஆசிரியையின் குரல் அதட்டியது.

"இல்ல மேடம்... குடை எங்கன்னு அவரு பொண்டாட்டி கேக்குறாங்க. அதுக்கு அவரு, மழையில குடை இல்லாம எப்படிக் கடைக்குப் போறதுன்னு... நாளைக்கு ஒரு குடை வாங்கிட்டு, அப்புறமா குடைக் கடைக்குப் போறாராம் மேடம்!" மறுபடியும் சிரிப்பு பொங்கிவிட்டது அவளுக்கு.

தலைமை ஆசிரியை கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். பக்கத்தை முதலிலிருந்து தானே படித்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்த சத்தம் கேட்டு, வெளியே இருந்த எழுத்தர்கூட எட்டிப் பார்த்தார்.

"நீங்க ஏன் டீச்சர் சிரிக்கல?"

"நான் கதையைக் கேக்கல மேடம். எங்க தடுமாறுறான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நானும் கடிகாரத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார் தலைமை ஆசிரியை மெதுவாக. அப்புறம் அவர் பட்டியலை எடுத்து, அதில் இருந்த ஒரே பெயரை அடித்தார்.

"மூணாவதுக்குப் போகட்டும். ஆனா வாசிப்பு திக்குது. அது பொய்யில்ல. அதை யார் பாக்கறது?"

"பள்ளி விட்டதும் என்கிட்ட அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்."

"மத்த பிள்ளைங்க?"

"முதல்லேருந்து ஆரம்பிக்கணும் மேடம். மார்க் குறையும். இப்பவே சொல்லிடறேன்."

"குறையட்டும்." ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஒரேயடியா குறைச்சுடாதீங்க," என்றார்.

அடுத்த வருஷம் குறைந்தது, நன்றாகவே குறைந்தது. பிறகு மெல்ல ஏறியது. பழைய உயரத்தை இன்றுவரை அது தொடவில்லை. சின்னவளும் ஒன்றும் மின்னலாக மாறிவிடவில்லை. சாயங்காலங்களில் டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கித்தான் வாசித்தாள். ஆனால் ஒரு வரி முடிந்ததும் அவள் முகத்தில் ஏதாவது ஒன்று நடக்கும். சில நாள் புருவம் சுருங்கும், சில நாள் கண் விரியும். டீச்சர் புத்தகத்தை விட்டுவிட்டு அந்த முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு மற்ற முகங்களையும். தனக்குத் தெரிந்த தொழில் முழுவதும் அந்தச் சாயங்காலங்களில் கிடைத்தது என்பார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அதெல்லாம் இன்னும் வரவில்லை. டீச்சர் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அம்மா சட்டென்று எழுந்து நின்றார்.

"மூணாவதுக்குப் போறாம்மா. கையெழுத்து எதுவும் வேண்டாம்."

அந்த அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகளை இழுத்து முகத்தோடு சேர்த்துக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, "உங்களுக்கு எப்படி டீச்சர் நன்றி சொல்றது..." என்று ஆரம்பித்தார்.

டீச்சரால் அதை நின்று கேட்க முடியவில்லை. குனிந்து அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்தார். சூட்டுத் தழும்புகள் ஏறிய கைகள்.

"வேண்டாம்மா. நன்றி சொல்லவேண்டியது நான். அன்னிக்கு மேலே எடுத்த முடிவுன்னு உங்ககிட்டச் சொன்னேனே, அது பொய். இவளை இறக்கணும்னு எழுதிக் கொடுத்ததே நான்தான்."

அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"தெரியும் டீச்சர். அன்னிக்கு நீங்க என் முகத்தைப் பாக்காம சொன்னப்பவே தெரிஞ்சுது. நீங்களே உள்ள போய் மாத்திட்டு வந்தீங்களே, அதுக்குத்தான் சொல்றேன்."